கிளாம்பாக்கம் ரயில் நிலையம்: கைப்பேசியில் வேலையைப் பின்தொடர்வது எப்படி?

(கைப்பேசி வழி அரசு சேவைகள் பற்றி நாமக்கல்லில் நடந்த கூட்டத்தில், 2025 ஜூன் மாதம் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்னைக்குப் பக்கத்தில் கட்டுகிற ஒரு ரயில் நிலையத்தைப் பற்றி நாமக்கல்லில் எதுக்குப் பேசணும்னு உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் இருக்குங்க. ராத்திரி இங்கே பஸ் ஏறினால், விடியற்காலையில் நீங்கள் இறங்குவது கிளாம்பாக்கத்தில்தான். 2023 டிசம்பர் 30 அன்று கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறந்த பிறகு, ஜி.எஸ்.டி. சாலை வழியாக வரும் நம்ம பக்கத்து பஸ்களுக்கு அதுதான் கடைசி நிறுத்தம். சுமார் 88 ஏக்கர், ரூ.393.74 கோடி செலவு. உள்ளே எல்லாம் வசதியாகத்தான் இருக்கு. ஆனால் சேலத்துக்காரரோ ராசிபுரத்துக்காரரோ கிளாம்பாக்கம் போவதற்காகச் சென்னை போவதில்லை. அங்கிருந்து இன்னும் உள்ளே போகணும்.

ஒரு உதாரணம் சொல்றேன். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு, அதாவது நாம் சொல்ற 'ஜி.எச்.'-க்கு, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு போகிற வயதான தம்பதி. காலை ஓ.பி. சீட்டு வாங்க நேரத்துக்குப் போய்ச் சேரணும். அந்த மருத்துவமனைக்கு எதிரிலேயே பூங்கா ரயில் நிலையம் இருக்கு. கிளாம்பாக்கத்தில் புறநகர் ரயில் நின்றால், சுமார் ஒரு மணி நேரத்தில், வண்டி மாறாமல், டிராஃபிக் பார்க்காமல் இறங்கிவிடலாம். இன்றைக்கு அந்தத் தண்டவாளம் முனையத்துக்குப் பக்கத்திலேயே ஓடுது, ரயிலும் ஓடுது, நிற்க மட்டும் இடமில்லை. வடக்கே வண்டலூர், தெற்கே ஊரப்பாக்கம். இரண்டில் எதற்குப் போகணும்னாலும் மாநகரப் பேருந்தோ ஆட்டோவோ பிடிக்கணும். பையும் மூட்டையுமாக விடியற்காலை நேரத்தில் அது எவ்வளவு சிரமம்னு போனவங்களுக்குத் தெரியும்.

அதனால்தான் 'கிளாம்பாக்கம் ஸ்டேஷன் எப்போ திறப்பாங்க' என்ற கேள்வி சென்னைக்காரர்களைவிட நம்ம பக்கத்தில் அதிகம் கேட்குது. நான் இன்றைக்குத் தேதி சொல்ல வரவில்லை. அந்தத் தேதியை நீங்களே எப்படிக் கணிக்கலாம், யாரை எப்படிக் கேட்கலாம் என்று சொல்லத்தான் வந்தேன். கையில் போன் இருந்தால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். வாட்ஸ்அப்பில் 'கிளாம்பாக்கம் ரயில்' என்று வரும் செய்திகளில் பாதி மெட்ரோ ரயிலைப் பற்றியது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15.5 கி.மீ. மெட்ரோ நீட்டிப்பு என்பது தனித் திட்டம். அது இன்னும் காகிதத்தில், ஒப்புதல் கட்டத்தில் இருக்கு. நான் பேசுவது கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையில் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் வருகிற புறநகர் ரயில் நிலையத்தைப் பற்றி. ஒன்றின் படத்தைப் போட்டு இன்னொன்றின் செய்தியை எழுதுகிறார்கள். ஃபார்வர்டு வந்ததும் முதலில் 'இது மெட்ரோவா, மின்சார ரயிலா' என்று பாருங்க. பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துடும்.

இப்போ வேலையை யார் செய்றாங்க? இதுதான் முக்கியம். ரயில் நிலையம் கட்டுவது தெற்கு ரயில்வே. அதற்கான பணம், ரூ.20 கோடி, தமிழ்நாடு அரசு கொடுத்தது. மாநிலம் பணம் கட்டி ரயில்வே செய்து தருகிற இந்த மாதிரி வேலையை 'டெபாசிட் வேலை' என்று சொல்வார்கள். நிலையத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி பேருந்து முனையத்துக்கு வர சுமார் 400 மீட்டர் நீளத்தில் ஆகாய நடைபாலம் வரணும். அதைக் கட்டுவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. அதற்குத் தனியார் நிலமும் எடுக்க வேண்டியிருந்தது. நில எடுப்பு என்றால் வருவாய்த் துறை வரும், சில சமயம் நீதிமன்றமும் வரும். நடைபாலம் தாண்டுவது தேசிய நெடுஞ்சாலை, அதனால் அந்தத் தரப்பும் உண்டு.

ஆக, பயணிக்கு அது ஒரே ரயில் நிலையம். காகிதத்தில் நாலு அலுவலகம். ஒருத்தர் வேலை முடிந்து இன்னொருத்தர் வேலை பாக்கி இருந்தால் நமக்கு முடிந்த மாதிரி ஆகாது. நடைமேடை தயாராகி, நடைபாலம் இல்லைன்னு வைங்க. ரயிலிலிருந்து இறங்குகிற கூட்டம் அத்தனையும் ஜி.எஸ்.டி. சாலையைக் குறுக்கே கடக்கணும். அந்தச் சாலையில் வண்டி எவ்வளவு வேகமாகப் போகும்னு லாரி ஓட்டுகிற நீங்களே சொல்லுவீங்க.

இங்கேதான் சதவீதத்துக்கு வர்றேன். '60 சதவீதப் பணி நிறைவு', '80 சதவீதப் பணி நிறைவு' என்று செய்திகளில் படிச்சிருப்பீங்க. எங்கள் துறை எழுதுகிற செய்திக்குறிப்புகளிலும் சதவீதம் வரும், மறுக்கவில்லை. வேலை நகருதுன்னு தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் எப்போ முடியும் என்பதற்கு அது பதில் இல்லை. எதில் 80 சதவீதம்? நடைமேடையிலா, மொத்தத்திலா, நடைபாலத்தைச் சேர்த்தா சேர்க்காமலா? இது தெரியாத வரைக்கும் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

சென்னையிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கு. பறக்கும் ரயில் வேளச்சேரி வரை 2007-ல் வந்தது. அங்கிருந்து பரங்கிமலை வரை 5 கி.மீ. நீட்டிக்கும் வேலை 2008-ல் தொடங்கினது. நாலரை கிலோமீட்டர் கட்டிவிட்டார்கள். தூண், மேல்தளம், நிலையங்கள் எல்லாம் எழும்பி நின்றன. மீதி 500 மீட்டரில், ஆதம்பாக்கம் பக்கம், நில எடுப்பு வழக்குகளால் வருஷக்கணக்கில் வேலை நின்றது. சதவீதக் கணக்கில் 90. ஆனால் 17 வருஷமாகியும் அந்தப் பாதையில் ஒரு பயணி கூட இன்னும் ஏறவில்லை. அந்த 90-ஐ மட்டும் பார்த்தவர்கள் 'அடுத்த வருஷம் ஓடிடும்' என்று ஒவ்வொரு வருஷமும் நம்பினார்கள். '500 மீட்டரில் நிலம் இன்னும் கைக்கு வரவில்லை' என்பதைப் பார்த்தவர்களுக்கு விஷயம் அப்போதே புரிந்தது.

அதனால் என் யோசனை: எத்தனை சதவீதம் ஆச்சு என்று கேட்பதை விட்டுட்டு, எது பாக்கி, அது யார் கையில் இருக்கு என்று கேளுங்க.

கட்டி முடித்த பிறகும் ஒரு கட்டம் இருக்கு. இதை நாமக்கல்லில் விளக்குவது ரொம்பச் சுலபம். இங்கே பாடி கட்டுகிற பட்டறைகள் எத்தனை! சேஸிஸ் வரும், மரவேலை, இரும்பு வேலை, பெயின்ட், முன்னாடி 'கடவுள் துணை' வரைக்கும் எழுதி முடிச்சிடலாம். பார்க்கிறவனுக்கு வண்டி தயார். ஆனால் ரிஜிஸ்ட்ரேஷன், எஃப்.சி. ஆகாமல் லோடு ஏற்ற முடியுமா? ரயிலுக்கும் அப்படித்தான். அங்கே எஃப்.சி. கொடுப்பவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். புதுப் பாதையில் பயணிகளை ஏற்றவும், ரயில் ஓடிக்கொண்டிருக்கிற பாதையைத் தொடும் வேலைகளுக்கும் அவர் அனுமதி வேண்டும். ஒரு சங்கதி: இந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கு. கட்டுகிறவரே சான்றிதழும் கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

மெட்ரோவிலும் இதே கதைதான். இந்த ஆண்டு மார்ச் 20 அன்று பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை சோதனை ஓட்டம் நடந்தது. உடனே 'மெட்ரோ ஓட ஆரம்பிச்சிடுச்சு' என்று வீடியோ வந்தது. ஓடினது சோதனை ரயில். பலகட்டச் சோதனை, பாதுகாப்பு ஆணையரின் ஆய்வு, சான்றிதழ், அதற்கப்புறம்தான் நாம் டிக்கெட் எடுக்க முடியும். 'ஆய்வு' என்ற சொல் செய்தியில் வரும்போது யார் ஆய்வு செய்தார் என்று பாருங்க. அமைச்சரோ உயர் அதிகாரியோ பார்வையிடுவதும் ஆய்வுதான், பாதுகாப்பு ஆணையர் வருவதும் ஆய்வுதான். திறப்பு நெருங்கினதுக்கு அடையாளம் இரண்டாவது.

இனி போனை எடுங்க.

சமூக வலைதளத்தில் டிரோன் வீடியோ நிறைய வருது. அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். சில இளைஞர்கள் வாரா வாரம் போய் எடுத்துப் போடுகிறார்கள், நல்ல வேலை. பார்க்கும்போது இந்த வரிசையை மனசில் வைங்க. முதலில் நடைமேடையின் பக்கச் சுவர், பிறகு மண் நிரப்புவது, மேலே தளம், கூரைக்கான தூண், நடைமேம்பாலம், டிக்கெட் அறை, மின்சாரம், கடைசியில் மஞ்சள் பெயர்ப்பலகை. 12 பெட்டி மின்சார ரயில் நிற்க கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம் வேணும், அதனால் ஒரு முனையை மட்டும் காட்டுகிற வீடியோவை நம்பிவிட வேண்டாம். வீடியோ எந்தத் தேதியில் பதிவேறியது என்பதைக் கட்டாயம் பாருங்க. போன வருஷத்து வீடியோ இந்த வருஷம் 'இன்று எடுத்தது' என்று சுத்துது.

இன்னொரு நல்ல அடையாளம், பலர் கவனிக்காதது: ரயில் ரத்து அறிவிப்பு. ஓடுகிற பாதைக்குப் பக்கத்தில், மேலே 25,000 வோல்ட் கம்பி இருக்கும்போது, பெரிய இரும்புத் தூலத்தை நினைத்த நேரத்தில் தூக்கி வைக்க முடியாது. ரயிலையும் மின்சாரத்தையும் சில மணி நேரம் நிறுத்தணும். அதுக்கு 'லைன் பிளாக்' என்று பேர். தாம்பரம்–செங்கல்பட்டு இடையே இந்த மாதிரி ரத்து அறிவிப்பு தெற்கு ரயில்வே பக்கத்தில் வந்தால், எரிச்சல் வரும், சரிதான். ஆனால் எந்த வேலைக்காக என்று படிச்சுப் பாருங்க. சில சமயம் அந்த எரிச்சலுக்குள்ளேதான் நல்ல செய்தி இருக்கும்.

அரசுத் தரப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது கொள்கை விளக்கக் குறிப்பு. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் வெளியிடுகிற புத்தகம். சி.எம்.டி.ஏ. வருவது வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையின் கீழ். தமிழிலேயே, பி.டி.எஃப். ஆக, அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். போன வருஷத்துப் புத்தகத்தையும் இந்த வருஷத்துப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒரே திட்டத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கு என்று படிங்க. 'தொடங்கப்படும்' என்பது 'நடைபெற்று வருகிறது' என்று மாறியிருக்கா? பத்து நிமிஷ வேலை. ரயில்வே தரப்புக்கு நாடாளுமன்றக் கேள்வி–பதில் இருக்கு. இரு அவைகளின் பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் தேடக் கிடைக்கும். எங்கள் துறையின் செய்தி வெளியீடு என்று ஏதாவது ஃபார்வர்டு வந்தால் எண்ணும் நாளும் இருக்கிறதா பாருங்க. சந்தேகம் வந்தால் மாநில அரசின் தகவல் சரிபார்ப்பகத்தின் பக்கத்தில் தேடிப் பார்க்கலாம்.

இதெல்லாம் பார்த்தும் பதில் கிடைக்கலைன்னா? அப்போ தகவல் உரிமைச் சட்டம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்றேன், ஏன்னா பணம் போறதும் மாசம் போறதும் இங்கேதான்.

தெற்கு ரயில்வே மத்திய அரசு. சி.எம்.டி.ஏ. மாநில அரசு. இரண்டுக்கும் தனித்தனி ஆர்.டி.ஐ. இணையதளம். மாநில அலுவலகத்துக்கான மனுவை மத்திய தளத்தில் போட்டால் அது திருப்பி அனுப்பப்படும், கட்டின 10 ரூபாய் திரும்பி வராது. பத்து ரூபாய் பெரிசில்லை, நாள் போகுதில்லையா. அதனால், நடைமேடை பற்றிக் கேட்கணும்னா ரயில்வே அமைச்சகம், தெற்கு ரயில்வே, சென்னைக் கோட்டம். நடைபாலம் பற்றிக் கேட்கணும்னா தமிழ்நாடு தளத்தில் சி.எம்.டி.ஏ. ஒரே மனுவில் இரண்டையும் கலக்காதீங்க. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டிய அவசியம் சட்டப்படி கிடையாது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கட்டணமும் கிடையாது, சான்று இணைத்தால் போதும். 30 நாளில் பதில் வரணும். வரவில்லை என்றால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கேட்கிற விதம் முக்கியம். 'ஏன் இவ்வளவு தாமதம்?' என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்தச் சட்டம் கொடுப்பது அலுவலகத்தில் இருக்கிற ஆவணத்தை. அதிகாரியின் விளக்கத்தையோ கருத்தையோ இல்லை. அதனால் ஆவணமாகவே கேளுங்க. ஒப்பந்தப்படி வேலையை முடிக்க வேண்டிய தேதி என்ன? கால நீட்டிப்பு கொடுத்திருந்தால் அந்த ஆணைகளின் நகல். கடைசியாகத் தயாரித்த முன்னேற்ற அறிக்கையின் நகல். ஒப்பந்ததாரருக்கு இதுவரை கொடுத்த தொகை. இந்தக் கடைசிக் கேள்வி எளிமையானது, ஆனால் வலுவானது. செய்த வேலையை அளந்து எம்.புக்கில் எழுதினால்தான் பில் பாஸ் ஆகும் என்று கான்ட்ராக்ட் எடுக்கிறவங்களுக்குத் தெரியும். எவ்வளவு பணம் போயிருக்கு என்பது, எவ்வளவு வேலை நடந்திருக்கு என்பதை எந்த சதவீதத்தையும்விட நன்றாகக் காட்டும். 'தாமதம் ஏன்' என்பதற்கும் நீட்டிப்பு ஆணையிலேயே காரணம் எழுதியிருப்பார்கள். விளக்கமாகக் கேட்டால் கிடைக்காதது, நகலாகக் கேட்டால் கிடைக்கும்.

புகார் என்றால் வேற வழி. மாநிலத் தரப்புக்கு முதல்வரின் முகவரி, 1100. மத்தியத் தரப்புக்கு மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளம். 139 என்பது பயணத்தின்போது வருகிற பிரச்சினைகளுக்கு. கட்டுமானம் எப்போ முடியும்னு அதில் கேட்டு அவங்க நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இங்கே இருக்கிறவங்களுக்கு நம்ம ஊர் நிலையங்களும் இருக்கே. அமிர்த பாரத் திட்டத்தில் சேலம் சந்திப்பும் நாமக்கல்லும் இரண்டுமே இருக்கு. போன மாதம், மே 22 அன்று, இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டில் ஒன்பது நிலையங்கள் திறக்கப்பட்டன. நம்ம சேலம் கோட்டத்திலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது சாமல்பட்டி. கிளாம்பாக்கத்துக்குச் சொன்ன அதே முறைதான் நாமக்கல்லுக்கும். கோட்டம் மட்டும் சென்னைக்குப் பதில் சேலம். பாருங்க, அது இன்னும் வசதி. கோட்ட அலுவலகம் இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்.

காத்திருப்பது நமக்குப் புதுசில்லைங்க. சேலம்–கரூர் பாதை, சுமார் 85 கி.மீ., 1996-97 ரயில்வே பட்ஜெட்டில் வந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1. பயணிகள் ரயில் ஓடத் தொடங்கினது 2013 மே மாதம். மாவட்டம் பிறந்தபோது பிறந்த பிள்ளை பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு வந்துவிட்டது. அந்த வருஷங்களில் 'ரயில் எப்போ வரும்' என்று கேட்டவர்களுக்கு, நிலம் எந்த ஊரில் பாக்கி, மோகனூர் காவிரிப் பாலம் எந்த அளவில் இருக்கு, இந்த வருஷம் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, தெரிந்த அதிகாரியைப் பிடிப்பதுதான். தகவல் உரிமைச் சட்டம் வந்ததே 2005-ல். இன்றைக்கு அதே கேள்வியை ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் டீ ஆறுவதற்குள் அனுப்பிவிடலாம்.

கூட்டம் தொடங்கும் முன்னாடி ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "ஏங்கண்ணு, எனக்கு இந்த போன்ல பேசத்தான் தெரியும். நான் எப்படிக் கேக்கறது?" நியாயமான கேள்வி. ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கட்டணத்தோடு தபாலில் அனுப்பினாலும் அதே சட்டம், அதே 30 நாள். எழுதுவது சிரமம் என்றால், வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது பொதுத் தகவல் அலுவலரின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கு. இங்கே வந்திருக்கிற காலேஜ் பிள்ளைங்க யாராவது அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால் இன்னும் வேகமாக முடியும். மாதிரி மனு இரண்டு, ரயில்வேக்கு ஒன்று, சி.எம்.டி.ஏ.-வுக்கு ஒன்று, அச்சடித்து வாசலில் வைச்சிருக்கோம். போகும்போது எடுத்துக்குங்க.

கேள்வி இருக்கிறவங்க கை தூக்குங்க. பின்னாடி நிக்கிற அண்ணாகிட்ட மைக்கைக் கொடுங்க.